டாக்டருக்குச் செடி எதற்கு?

அன்புள்ள ஐயா,

போன மாதம் தரங்கம்பாடி போயிருந்தோம். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் வரும் கோனிக் என்பவர் அந்த ஊரில் மருத்துவராக இருந்தவர் என்று கூட வந்த நண்பர் சொன்னார். நோயாளிகளைப் பார்க்க வேண்டியவருக்குச் செடி ஆராய்ச்சிக்கு எங்கிருந்து நேரம் கிடைத்தது? வெறும் பொழுதுபோக்கா?

மீனா, மயிலாடுதுறை

அன்புள்ள மீனா,

பொழுதுபோக்கு இல்லை, அதுவும் அவர்கள் தொழில்தான். அந்தக் காலத்து ஐரோப்பிய மருத்துவர் கொடுத்த மருந்தில் பெரும்பகுதி வேர், பட்டை, இலை, விதை. ஒரு செடியை இன்னொன்று என்று நினைத்துக் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. இத்தாலியில் பாதுவா பல்கலைக்கழகம் 1545லேயே மருத்துவ மாணவர்களுக்காக மூலிகைத் தோட்டம் போட்டது அதனால்தான். செடிகளுக்கு இரட்டைப் பெயர் முறையை நிலைநாட்டிய லின்னேயஸும் டாக்டர்தான். ஸ்டாக்ஹோமில் நோயாளிகளைப் பார்த்துப் பிழைத்தவர், 1741இல் உப்சாலாவில் மருத்துவப் பேராசிரியர் ஆனார்.

அவரிடம் படித்தவர் கோனிக். 1768இல் மிஷன் மருத்துவராகத் தரங்கம்பாடி வந்து, இங்குள்ள செடிகளைப் பதப்படுத்தி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1771இல் லின்னேயஸ் கறிவேப்பிலைக்கு அறிவியல் பெயர் வைத்தபோது அதில் மாணவரின் பெயரைச் சேர்த்தார். மிஷன் சம்பளம் கோனிக்கின் பயணங்களுக்குப் போதவில்லை. 1774இல் ஆற்காடு நவாபிடம் போனார், 1778இல் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்தார். சயாம், மலாக்கா என்று சுற்றியவர் 1785இல் காக்கிநாடா பக்கம் ஜகந்நாதபுரத்தில் இறந்தார். அவர் இடத்துக்கு வந்த பேட்ரிக் ரசலும் மருத்துவர்தான். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் இருப்பது அவர் பெயர்.

சரி, செடியைப் பறித்தவர்களைப் பற்றிச் சொல்லிவிட்டேன். செடியைக் காட்டியவர்கள் யார்? எனக்கு முக்கியமான கேள்வி இதுதான். 1690களில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் சாமுவேல் பிரவுன் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். சுற்றுவட்டாரச் செடிகளைச் சேகரித்து, அவற்றின் தமிழ்ப் பெயரையும் மருத்துவப் பயனையும் குறித்து லண்டனுக்கு அனுப்பினார். பெட்டிவர் என்ற மருந்துக்கடைக்காரர் அதை அங்கே அச்சிட்டார். பெயரும் பயனும் கோட்டைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்காது. நம் வைத்தியர்களும் மூலிகை பறிப்பவர்களும் சொன்னதுதான் அங்கே அச்சேறியது. அவர்களில் பெரும்பாலோர் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மலையாளக் கரையில் கொஞ்சம் நியாயம் நடந்திருக்கிறது. டச்சுக்காரர்கள் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளியிட்ட, மலபார்ச் செடிகளைப் பற்றிய ‘ஹோர்ட்டுஸ் மலபாரிகஸ்’ நூலின் முதல் தொகுதியிலேயே இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் சான்றுரை, அவர் எழுதிய கோலெழுத்து என்ற பழைய மலையாள எழுத்திலேயே இருக்கிறது. தாவரவியலாளர் மணிலால் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் கொண்டுவந்தது. நூலகத்தில் கிடைத்தால், முதலில் அச்சுதன் எழுதியதைப் படியுங்கள். கோனிக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.