பாலாற்றங்கரையில் கண்டி ராஜா

அன்புள்ள ஐயா,

இலங்கை வரலாற்றை இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். சோழர், கலிங்கத்து மாகன், சாவகத்து சந்திரபானு, போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று எண்ணி மாளவில்லை. ஒரு சின்னத் தீவுக்கு ஏன் இத்தனை அந்நியப் படையெடுப்புகள்? கடல்வழியில் இருப்பதுதான் காரணமா? ராஜேந்திரனின் ஈழ வெற்றியைப் படித்தபோது மட்டும் பெருமையாக இருந்தது. நல்ல நூல்கள் சொல்ல முடியுமா?

செ., ஈரோடு

அன்புள்ள செ.,

கடல்வழி, கறுவாப்பட்டை, முத்து எல்லாம் காரணம்தான். பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது, விடுங்கள்.

உங்கள் பெருமைக்கு வருகிறேன். 1017இல் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்து வந்தோம். பன்னிரண்டு ஆண்டு சிறையிருந்து சோழநாட்டிலேயே செத்தான். இரத்தம் குடிக்கும் யட்சர்களைப் போல சோழப்படை நாட்டின் செல்வத்தை உறிஞ்சியதாக இலங்கையின் பழைய பாலி வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. அதையே போர்த்துக்கீசன் செய்தால் கொள்ளை, நம்மாள் செய்தால் வெற்றியா? சின்ன வயது போலிருக்கிறது, இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என்னைப் பிடித்துக்கொண்டது 'அந்நிய' என்ற உங்கள் சொல். ஒரு மாதமாக அதையேதான் மென்றுகொண்டிருக்கிறேன்.

1739இல் கண்டியின் நரேந்திரசிங்கன் வாரிசில்லாமல் இறந்தபோது, மதுரைப் பக்கத்திலிருந்து போன அவன் ராணியின் தம்பி அரியணை ஏறினான். அப்படித் தொடங்கியது கண்டி நாயக்கர் வம்சம். அந்த வழியில் வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன்தான் 1753இல் சயாமிலிருந்து பிக்குகளை வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதாவை, அதாவது பிக்குகளுக்கான முழுத் துறவு தீட்சையை, மீட்டுக் கொடுத்தான். இன்றைக்கும் அங்கே சியாம் நிகாயம் என்ற பிக்கு சங்கப் பிரிவு இருக்கிறது. சொல்லுங்கள், அவன் அந்நியனா?

கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் உத்தமன் இல்லை. எஹெலபொல என்ற பிரதானி ஆங்கிலேயரிடம் ஓடியதும் அவன் மனைவி மக்களைக் கொன்றவன். 1803இல் கண்டிக்குள் புகுந்து அடிவாங்கித் திரும்பிய வெள்ளைக்காரன் இந்தத் தடவை அவசரப்படவில்லை. சிங்களம் படித்த ஆங்கிலேய அதிகாரி ஜான் டாய்லி பிரதானிகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தான். 1815இல் படை போனபோது பெரிய சண்டையே இல்லை. கதவு உள்ளேயிருந்து திறந்தது. மார்ச் 2ஆம் தேதி ஒப்பந்தம். அதில் ஒரு ஷரத்து: ராஜாவின் உறவினரான 'மலபார்' ஆண்கள் அனுமதியின்றிக் கண்டிச் சீமைக்குள் கால் வைக்கக் கூடாது. தமிழரை அன்றைய ஐரோப்பியர் அப்படித்தான் அழைத்தார்கள். அதாவது, பல்லாயிரம் மைல் தாண்டிக் கப்பலில் வந்தவன், எழுபத்தாறு வருஷம் ஆண்ட குடும்பத்தை அந்நியர் என்று எழுதி, ஊர்ப் பெரிய மனிதர்களிடமே கையெழுத்தும் வாங்கிவிட்டான்! எஹெலபொலவுக்கு என்ன கிடைத்தது? அவனையும் மொரீஷியஸுக்கு நாடுகடத்தினார்கள். அங்கேயே செத்தான்.

ராஜாவை வேலூருக்குக் கொண்டுவந்தார்கள். 1832இல் இங்கேயே இறந்தார். போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக வேலூர் போனபோது பாலாற்றங்கரையில் அவர் சமாதிக்குப் போனேன். ஆட்டோக்காரருக்கு முத்து மண்டபம் தெரியும், உள்ளே யார் என்று தெரியாது. "யாரோ சிலோன் ராஜாவாம் சார்."

உள்ளே வயதான சிங்களத் தம்பதி. கடைத்தெருவில் வாங்கிய ஒரு முழம் மல்லிகை அந்த அம்மாள் கையில். நாமென்றால் சரமாகவே போட்டிருப்போம். அவர் நாரைப் பிரிக்கப் பார்த்தார். நம் பூக்காரம்மா முடிச்சு அவ்வளவு லேசில் அவிழுமா? கணவர் நகத்தால் கிள்ளிக் கிள்ளி அவிழ்த்துக் கொடுக்க, ஒவ்வொரு பூவாக, காம்பு தன் பக்கம் வரும்படி கல்லின்மேல் அடுக்கினார். நானும் உட்கார்ந்து கொஞ்சம் நார் பிரித்தேன். "எங்கள் கடைசி ராஜா" என்றார் அந்தப் பெரியவர் ஆங்கிலத்தில், எனக்குத் தெரியாதோ என்று.

நூல் பட்டியல் கேட்டிருந்தீர்கள், மறந்தேவிட்டேன். தனியாக அனுப்புகிறேன். அதற்குள் ஒருமுறை வேலூர் போய் வாருங்கள், ஈரோட்டிலிருந்து நேர் ரயிலே இருக்கிறது, காட்பாடியில் இறங்க வேண்டும்.