மாலேயில் ஒரு காலைப்பொழுது: பார்க்க ஒன்றுமில்லையா?

கேள்வி: பெற்றோருடன் மாலத்தீவு போகிறோம். திருவனந்தபுரத்திலிருந்து கிளம்பும் விமானம் மாலையில்தான் மாலே சேர்கிறது. ரிசார்ட்டுக்குப் போகும் கடல் விமானம் இருட்டிய பிறகு பறக்காது என்பதால் ஓர் இரவு அங்கேயே தங்கியாக வேண்டும். “மாலேயில் பார்க்க ஒன்றுமே இல்லை, விமான நிலையத்துப் பக்கத்திலேயே படுத்து எழுந்து போய்விடுங்கள்” என்கிறார் டிராவல் ஏஜென்ட். ஒரு நாட்டின் தலைநகரில் பார்க்க ஒன்றுமே இல்லாமல் இருக்குமா? எங்கே தங்கலாம்? அம்மா சுத்த சைவம் என்பதையும் கவனத்தில் வைத்துச் சொல்லுங்கள். (நாகர்கோவில் வாசகி ஒருவர்)

பதில்: படுப்பதைப் பற்றி ஏஜென்ட் சொன்னது சரி, பார்ப்பதைப் பற்றிச் சொன்னது சரியில்லை. இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயில் தூங்குங்கள். காலையில் மாலேவுக்குப் போய் மூன்று நான்கு மணி நேரம் நடந்துவிட்டு, மதியத்துக்கு மேல் கடல் விமானம் ஏறுங்கள். அதற்கு இப்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பிற்பகல் கடல் விமானத்தில் இடம் போடச் சொல்லி ரிசார்ட்டுக்கு எழுதிவிடுங்கள். கேட்காதவர்களைக் காலையிலேயே அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். நேரத்தைப் பெரும்பாலும் முந்தின நாள்தான் உறுதி செய்வார்கள் என்பதால், மாலே இறங்கியதும் ஒருமுறை நினைவூட்டுங்கள். மாலே நம் நேரத்துக்கு அரை மணி பின்னால் இருக்கிறது. சில ரிசார்ட்டுகள் மாலேவைவிட ஒரு மணி நேரம் முன்தள்ளித் தங்களுக்கென்று தனிக் கடிகாரம் வைத்திருக்கின்றன. அவர்கள் சொல்வது எந்த நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதில் குழம்பி ஓடி வருபவர்கள் நிறையப் பேர்.

இனி, அந்த ஊரில் என்ன இருக்கிறது என்பதற்கு வருகிறேன். தீவு நாடுகளின் தலைநகரங்களுக்கு ஒரு பொதுச் சாயல் உண்டு. முன்னால் துறைமுகம், பின்னால் மலை, அதற்கப்பால் வயலும் தோட்டமும். மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் அப்படி. செஷல்ஸின் விக்டோரியாவும் அப்படித்தான். மாலேவுக்குப் பின்புறம் என்று ஒன்று கிடையாது. எந்தத் தெருவில் நடந்தாலும் முடிவில் கடல்தான். இரண்டு கிலோமீட்டர் நீளம்கூட இல்லாத, ஒரு கிலோமீட்டர் அகல அளவே உள்ள இந்தத் தீவில்தான் நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம், பெரிய மருத்துவமனைகள், மொத்த வியாபாரக் கடைகள் என்று மற்ற தீவுகளில் இல்லாத அத்தனையும் குவிந்திருக்கின்றன. 2022 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகை ஐந்து லட்சத்துச் சொச்சம். அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மாலேயிலும், மாநகரத்தோடு சேர்ந்த ஹுல்ஹுமாலே, வில்லிமாலே தீவுகளிலும் வசிக்கிறார்கள். பிரசவத்துக்கும் மேற்படிப்புக்கும் வழக்குக்கும் இங்கே வந்தாக வேண்டும். வந்தவர்களில் பலர் திரும்புவதில்லை. ரிசார்ட் விளம்பரத்தில் வரும் மாலத்தீவுக்கும் இந்த நெரிசலுக்கும் சம்பந்தமே இல்லாததுபோலத் தெரியும். இரண்டும் ஒரே நாடு என்று நேரில் பார்த்துக்கொள்வதற்கே அந்தக் காலைப்பொழுது.

விமான நிலையம் இருப்பது ஹுல்ஹுலே என்ற தனித் தீவில். 2018 ஆகஸ்டில் சீன உதவியுடன் கட்டிய சினமாலே பாலம் திறக்கப்படும் வரை, அங்கிருந்து தலைநகருக்குப் படகு ஒன்றே வழி. இப்போது பஸ்ஸும் டாக்சியும் பாலத்தின் மேல் போகின்றன, படகும் ஓடுகிறது. காலையில் ஹுல்ஹுமாலேயிலிருந்து பெட்டிகளோடு கிளம்பி, விமான நிலையத்தில் சாமான் வைக்கும் இடத்தில் அவற்றைக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து படகில் போங்கள். பத்து நிமிடப் பயணம்தான். பாலத்தில் போனால் நகரத்துக்குள் இறங்கிவிடுவீர்கள். படகில் போனால்தான் கடல் மட்டத்திலிருந்து நேராக எழுந்து நிற்கும் பத்து மாடி, பன்னிரண்டு மாடிக் கட்டடங்கள் ஒரே பார்வையில் கிடைக்கும். பக்கவாட்டில் இடமில்லாத ஊர் மேல்நோக்கித்தானே போக முடியும்?

இறங்குவது வடக்குக் கரையில். அருகிலேயே பெரிய கொடி பறக்கும் குடியரசுச் சதுக்கம். 1988 நவம்பர் 3 அதிகாலையில் இந்தப் பகுதி துப்பாக்கிச் சத்தத்தில் விழித்தது. மாலத்தீவு வியாபாரி ஒருவரின் ஏற்பாட்டில், இலங்கைத் தமிழ் ஆயுதக் குழுவான ப்ளொட்டின் ஆட்கள் படகில் வந்திறங்கி ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தார்கள். அன்றிரவே ஆக்ராவிலிருந்து பறந்து வந்த இந்தியப் படையினர் ஹுல்ஹுலேயில் இறங்கி, படகுகளில் மாலேவுக்குக் கடந்து வந்து முயற்சியை முறியடித்தார்கள். அப்பாவுக்கு அந்த நாள் செய்தித்தாள்கள் ஞாபகம் இருக்கலாம்.

சதுக்கத்துக்கு எதிரே தங்க நிறக் குவிமாடத்தோடு தெரிவது 1984-ல் கட்டிய பெரிய பள்ளிவாசல். அதை வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகர்ந்தால் போதும். சுல்தான் பூங்காவிலும் அதிக நேரம் செலவிட வேண்டாம். சுல்தான்களின் அரண்மனைத் தோட்டத்தில் மிச்சமிருப்பது அதுதான். 1968-ல் சுல்தான் ஆட்சி முடிந்த கையோடு அரண்மனையை இடித்துவிட்டார்கள். இடம் வேண்டும் என்பதற்காகப் பழைய கோட்டைச் சுவர்களும் போயின. எனக்கு அதில் வருத்தம்தான். பூங்காவுக்குள்ளேயே தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. இஸ்லாத்துக்கு முந்தைய பௌத்த காலத்தில் பவளக் கல்லில் செதுக்கிய சிற்பங்கள் அங்கே இருந்தன. 2012-ல் ஒரு கும்பல் புகுந்து அவற்றில் பெரும்பாலானவற்றை உடைத்துவிட்டது. வெயில் தாங்காவிட்டால் நுழையுங்கள், இல்லாவிட்டால் தாண்டிச் செல்லுங்கள்.

நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. ஹுகுரு மிஸ்கீ என்ற பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலை 1658-ல் சுல்தான் முதலாம் இப்ராகிம் இஸ்கந்தர் கட்டினார். முழுக்க முழுக்கப் பவளக் கல். இந்தத் தீவுகளில் கருங்கல் கிடையாது, செங்கல் சுட மண்ணும் கிடையாது. கடலுக்கடியில் ஈரமாக, மென்மையாக இருக்கும்போதே பவளப் பாறையை வெட்டிக் கரைக்கு எடுத்து வந்து காய விடுவார்கள். காற்றுப் பட்டதும் இறுகிவிடும். பிறகு தச்சர் மரத்தில் பொருத்து வெட்டுவதுபோல ஒரு கல்லில் நாக்கும் அடுத்த கல்லில் பள்ளமும் செதுக்கி, சாந்து இல்லாமலே கோத்துவிடுவார்கள். சுவரருகே குனிந்து பாருங்கள். கொடியும் வலையுமாகச் செதுக்கிய வேலைப்பாட்டுக்கு நடுவே, கல்லின் உடம்பிலேயே பவளப் பூச்சிகள் கட்டிய சிறு சிறு நட்சத்திரத் துளைகள் தெரியும். கட்டடம் மெக்காவின் திசையில் இல்லாமல் நேர் மேற்கே பார்த்து நிற்கிறது. பழைய கோயில் ஒன்றின் அடித்தளத்தின் மேல் எழுப்பியதால் அப்படி என்பார்கள். அதனால் உள்ளே தொழுகை வரிசைகள் சுவருக்குக் கோணலாக விரிக்கப்பட்டிருக்கும். முஸ்லிம் அல்லாதவர்கள் அனுமதி பெறாமல் உள்ளே போக முடியாது. ஆனால் வெளியே இருக்கும் கல்லறைத் தோட்டமே போதுமான காட்சி. உச்சி கூராக இருந்தால் ஆணின் நடுகல், வளைவாக இருந்தால் பெண்ணுடையது. பொன் எழுத்து இருந்தால் அங்கே கிடப்பவர் அரச குடும்பத்தவர். பராமரிப்பு வேலைக்காக அவ்வப்போது அடைத்து வைப்பார்கள். ஹோட்டலில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

அங்கிருந்து வடக்குக் கரைக்கே திரும்பி மேற்காக நடந்தால் காய்கறிச் சந்தை, அதை அடுத்து மீன் சந்தை. தேங்காய், வாழைத்தார், வெற்றிலை, பூசணி என்று பிற தீவுகளிலிருந்து வருபவை ஒரு பக்கம். வெங்காயமும் உருளைக்கிழங்கும் எங்கிருந்து வருகின்றன என்று கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். தூத்துக்குடியிலிருந்து தோணிகளில் மாலேவுக்குச் சரக்கு போவது நெடுநாள் வழக்கம். அரிசி, முட்டை, சர்க்கரை போலவே ஆற்று மணலும் ஜல்லியும்கூட இந்தியாவிலிருந்து போகின்றன. கரையெல்லாம் மணலாக இருக்கும் நாடு கட்டட மணலை இறக்குமதி செய்கிறது என்றால் நம்பச் சிரமம்தான். ஆனால் கரை மணலை அள்ளினால் தீவே கரைந்துவிடுமே. மீன் சந்தைக்குப் படகுகள் திரும்புவது பிற்பகலில் என்பதால் காலையில் கூட்டம் குறைவு. உங்கள் அம்மாவுக்கு அதுவே நல்லது. மாசி என்ற சூரைக் கருவாடு வாங்குபவர்கள் இங்கே வாங்கலாம். நாகர்கோவில்காரருக்கு அதை எப்படிச் சமைப்பது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நடக்கத் தெம்பிருந்தால், இல்லாவிட்டால் டாக்சி பிடித்து, தெற்குக் கரைக்குப் போய் கடல் சுவரைப் பாருங்கள். நம் கடற்கரைகளில் தூண்டில் வளைவு கட்டப் போடுகிறார்களே, அதே நான்கு கால் கான்கிரீட் கட்டிகள் அங்கே அடுக்கப்பட்டிருக்கும். பவளத் தீவைச் சுற்றி ஆழமில்லாத பாறைத் திட்டு உண்டு. வரும் அலை அதில் மோதி வேகம் குறைந்த பிறகே கரையைத் தொடும். இடம் போதாமல் போனபோது மாலே அந்தத் திட்டின் விளிம்பு வரை கடலைத் தூர்த்துக்கொண்டது. அலையைத் தடுக்கும் திட்டின் மேலேயே ஊர் ஏறி உட்கார்ந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். 1987 ஏப்ரலில் எங்கோ தெற்குக் கடலில் கிளம்பிய பேரலைகள் அந்தப் புதிய நிலத்தை அடித்துக்கொண்டு உள்ளே வந்தன. அதன்பின் ஜப்பான் உதவியோடு சுவர் எழுந்தது. 2004 சுனாமியில் நகரத்துக்குள் தண்ணீர் புகுந்தபோதும், சேதம் பெரிதாகாமல் போனதில் அந்தச் சுவருக்குப் பங்கு உண்டு.

தண்ணீரும் இப்படித்தான். நிலத்தடி நீர் உப்பாகியும் கெட்டும் போனதால் நகரம் கடல்நீரைக் குடிநீராக்கித்தான் குடிக்கிறது. 2014 டிசம்பரில் அந்த ஆலையில் தீப்பிடித்து, ஒரு லட்சம் பேருக்கு மேல் ஒரே நாளில் தண்ணீர் இல்லாமல் தவித்தார்கள். இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. வெயிலில் அலையப்போகிறீர்கள், ஆளுக்கொரு பாட்டில் கையில் இருக்கட்டும்.

படுக்க ஹுல்ஹுமாலே ஏன் என்றால், மாலேயில் அறைகள் சிறியவை, வாடகை கூடுதல், தெருவெல்லாம் மோட்டார் சைக்கிள். ஹுல்ஹுமாலே 1997-லிருந்து கடலைத் தூர்த்து உருவாக்கிய தீவு. தெரு அகலம், கடற்கரை உண்டு, மாலேவைவிடச் சற்று உயரம். விமான நிலையத்துக்குச் சாலை வழியாகவே போகலாம். மாலையில் போய்ச் சேர்ந்ததும் பெற்றோர் கடற்கரையில் காலாற நடக்கலாம். குளிப்பதென்றால் உடம்பை மூடிய உடை வேண்டும், நீச்சலுடையெல்லாம் ரிசார்ட்டில்தான்.

அம்மாவின் சாப்பாட்டுக்கு வருகிறேன். தேநீர்க் கடைகளில் மாலை நேரத்தில் பரப்பி வைக்கும் ஹெதிகா பலகாரங்கள் பார்வைக்கு நம் சமோசா, போண்டா போலவே இருக்கும். உள்ளே சூரை மீன் இருக்கும். காலைப் பலகாரமான மஸ் ஹுனியும் தேங்காயோடு பிசைந்த சூரைதான். “காய்கறி” என்று சொல்லிக் கொடுத்ததிலும் மாசித்தூள் கலந்திருக்க வாய்ப்புண்டு. எனவே உள்ளூர்க் கடையில் பழம், ரொஷி என்ற ரொட்டி, கறுப்புத் தேநீர் இவற்றோடு நிறுத்திக்கொண்டு, சாப்பாட்டுக்கு இந்திய உணவகம் தேடுங்கள். மாலேயிலும் ஹுல்ஹுமாலேயிலும் இருக்கின்றன.

வெள்ளிக்கிழமை காலை மட்டும் அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளி, சனி அங்கே வார விடுமுறை. வெள்ளியன்று மதியத் தொழுகை முடியும் வரை பெரும்பாலான கடைகளும் அருங்காட்சியகமும் திறக்கா. மற்ற நாட்களிலும் தொழுகை நேரத்தில் கடைகள் சற்று நேரம் அடைப்பது உண்டு. தோளும் முழங்காலும் மூடிய பருத்தி உடை, கழற்ற எளிதான செருப்பு, குடை. மதுவும் பன்றி இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். வழிபாட்டுக்கான விக்கிரகங்களும் தடை என்பது தெரியாமல் சிலர் மாட்டிக்கொள்கிறார்கள். பெட்டியில் சின்னப் பிள்ளையார் சிலை வைக்கும் பழக்கம் அம்மாவுக்கு இருந்தால், இந்த ஒரு பயணத்துக்கு வீட்டிலேயே இருக்கட்டும்.

சுற்றுலாவுக்கு இந்தியர்கள் முன்கூட்டி விசா எடுக்க வேண்டாம். ஆனால் புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற இணையப் படிவத்தை ஆளுக்கொன்றாக நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை, கட்டணம் கேட்கும் தளம் எதுவானாலும் போலி. செலவுக்குச் சிறிய டாலர் நோட்டுகள் கொண்டுபோங்கள். பஸ்ஸுக்கும் தேநீருக்கும் மட்டும் அந்த நாட்டுப் பணமான ரூஃபியா கொஞ்சம் மாற்றினால் போதும், மிஞ்சினால் ஊரில் மாற்றுவது கடினம்.