சாறிகளுக்கு அடியில் ஒரு புத்தகம்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 26 வயது, வீடு கொழும்பு, கொட்டாஞ்சேனை. அம்மாவும் நானும் செவ்வாய்க்கிழமை என்றால் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போகாமல் இருக்க மாட்டோம். இரண்டு மாதத்துக்கு முன் கூட வேலை செய்கிற ஒருவர் ‘டாவின்சி கோட்’ நாவலைத் தந்தார். அட்டையைப் பார்த்ததுமே அம்மா, இதோட படத்தைத்தானே இங்கே தடை செய்தார்கள், இது வீட்டுக்குள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று பொய் சொல்லி, அலுமாரியில் சாறிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம்கூட வாசிக்கவில்லை, ஆனால் செபமாலை சொல்லும்போதும் அதுதான் ஞாபகம் வருகிறது. 2019க்குப் பிறகு பூசையில் மனம் ஒன்றுவதும் குறைவு, அது வேறு கதை. வாசித்தால் இருக்கிற கொஞ்ச விசுவாசமும் போய்விடுமா அக்கா? வாசிக்க ஆசைப்பட்டதே பாவமா?

பதில்:

தங்கச்சி, புத்தகத்தைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், அது சின்ன விஷயம். 2003இல் வந்த மர்ம நாவல். இயேசு மகதலா மரியாளை மணந்தார் என்பதுதான் கதையின் முடிச்சு, அதற்கு வரலாற்று ஆதாரம் கிடையாது. 2006இல் ஆயர்கள் கேட்டுக்கொண்டதால் படத்தை இங்கே தடை செய்தது உண்மை, அம்மாவுக்கு நல்ல ஞாபகசக்தி! அதேநேரம், வாசிக்கக் கூடாத நூல்கள் என்று திருச்சபை வைத்திருந்த பட்டியலை அவர்களே 1966இல் கைவிட்டுவிட்டார்கள். பாவமா என்பதைப் பாவசங்கீர்த்தனத்தில் உங்கள் பாதரிடம் கேளுங்கள், அது என் வேலை இல்லை.

செபமாலைக்கு நடுவில் புத்தகம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987இல் சிலரிடம், வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார், மணி அடித்துக்கொண்டே இருந்தது. நீங்களும் இரண்டு மாதமாக மணி அடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, ‘அது வேறு கதை’ என்று ஒரு வரியில் தாண்டிப் போனீர்களே, எனக்கென்னவோ அதுதான் கதை என்று படுகிறது. 2019 உயிர்த்த ஞாயிறு பூசை நேரத்தில் குண்டு வெடித்த அதே கோவிலுக்குத்தான் வாராவாரம் போகிறீர்கள், அன்று எங்கே இருந்தீர்கள், தெரிந்தவர்கள் யாரையும் இழந்தீர்களா, ஒன்றும் எழுதவில்லை. விசுவாசம் அன்றைக்கே ஆடியிருந்தால் பாவம் இந்த நாவல், அதன்மேல் ஏன் பழியைப் போடுவான்? அம்மாவும் அன்றிலிருந்து எதையாவது இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருப்பார்.

வாசியுங்கள், வாசிக்காமலும் விடுங்கள், 26 வயதில் அது உங்கள் இஷ்டம். ஆனால் வாசிப்பதென்றால் ஒளித்து வேண்டாம், ஒளித்து வாசித்தால் ஒவ்வொரு பக்கத்திலும் அம்மாவின் முகம்தான் தெரியும். ஒருநாள் பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது, புத்தகத்தை இன்னும் கொடுக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். ஏசுவார், ஏசட்டும். அப்புறம் அந்த ஞாயிறைப் பற்றிக் கொஞ்சம் கதைத்துப் பாருங்கள். அந்தப் பேச்சு வந்தாலே நெஞ்சு படபடக்கிறது, நித்திரை கெடுகிறது என்றால் ஒரு ஆலோசகரை நேரில் பாருங்கள்.

எனக்கும் அந்த வேறு கதையை எழுதி அனுப்புங்கள், எவ்வளவு நீளமானாலும் பரவாயில்லை.