மென்பொருள் வாசித்த பாட்டுக்கு உரிமை யாருக்கு?

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். 12 திருப்புகழ்ப் பாடல்களுக்கு நானே மெட்டமைத்து, பேண்ட்-இன்-ஏ-பாக்ஸ் மென்பொருளில் பின்னணி இசை சேர்த்து, வீட்டிலேயே பாடிப் பதிவு செய்திருக்கிறேன். ஓர் ஆடியோ நிறுவனம் மொத்த உரிமைக்கும் 40,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறது. வாத்தியங்களை வாசித்தது மென்பொருள் என்பதால் உரிமை எனக்கு உண்டா என்றே சந்தேகம். கொடுத்துவிடலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: இந்த நிபந்தனையில் கொடுக்காதீர்கள், ஐயா.

அருணகிரிநாதரின் சொற்கள் எல்லோருக்கும் பொது. மெட்டு உங்களுடையது, சொந்தமாகத் தயாரித்ததால் ஒலிப்பதிவும் உங்களுடையதே. கேசட்டில் கேட்ட பிரபல மெட்டு எதுவும் உள்ளே கலந்துவிடவில்லையே என்று மட்டும் ஒருமுறை சரிபாருங்கள். பேண்ட்-இன்-ஏ-பாக்ஸைத் தயாரிக்கும் கனடாவின் பிஜி மியூசிக், அதில் உருவாக்கிய பாடல்களை விற்க அனுமதிக்கிறது, ராயல்டி கேட்பதில்லை. வாத்தியத் துண்டுகளைத் தனியாகப் பிரித்து விற்கத்தான் கூடாது. மென்பொருள் வாங்கிய ரசீதையும், குரல் மட்டும் உள்ள டிராக்கையும் பத்திரமாக வையுங்கள்.

சிக்கல் அந்த ‘மொத்த உரிமை’யில்தான் இருக்கிறது. அதே டிரம்ஸ், அதே கிதார் துண்டை உலகெங்கும் பலர் பயன்படுத்துகிறார்கள். ‘ஒலிப்பதிவில் உள்ள அனைத்தும் எனக்கு மட்டுமே சொந்தம், வழக்கு வந்தால் நானே பொறுப்பு’ என்று ஒப்பந்தத்தில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரே ஒலி வேறு வீடியோக்களில் இருந்தால் கண்டுபிடித்துச் சொல்லும் யூடியூபின் கன்டென்ட் ஐடி ஏற்பாடும், ஒருவருக்கு மட்டுமே உரிமை உள்ள ஒலியைத்தான் ஏற்கும். வேறொருவர் உங்கள் பாட்டின் மேல் உரிமை கோரினால் அந்த ரசீதைக் காட்டித்தான் மறுக்க வேண்டியிருக்கும்.

பணக் கணக்குக்கு வருவோம். 40,000 ரூபாயை 7% வட்டியில் போட்டால் ஆண்டுக்கு 2,800 ரூபாய். இதற்காக உங்கள் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும் மெட்டின் உரிமையை விடுவது எனக்கு மனம் ஒப்பவில்லை. சினிமா அல்லாத பாட்டின் மெட்டை விற்றாலும், ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை இசையமைப்பாளர் அந்த ஆடியோ நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது, அப்படி எழுதினாலும் செல்லாது என்று 2012 பதிப்புரிமைச் சட்டத்திருத்தம் சொல்கிறது. பலருக்கு இது தெரியாமலே கையெழுத்தாகிவிடுகிறது. ‘3 ஆண்டு, வெளியிடும் உரிமை மட்டும், முன்பணம் போக ராயல்டி’ என்று எழுதிக் கேளுங்கள். காலத்தைக் குறிப்பிடாத ஒப்பந்தத்தைச் சட்டம் 5 ஆண்டு என்றே கொள்ளும். இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்களுக்காக ராயல்டி வசூலிக்கும் ஐபிஆர்எஸ் அமைப்பில் இசையமைப்பாளராகச் சேர்ந்தால் மேடை, வானொலி ராயல்டி அதன் வழியே வரும். பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் ஒரு மெட்டுக்குக் கட்டணம் 500 ரூபாய்தான், முக்கியமான இரண்டு மூன்றுக்காவது செய்யுங்கள்.

நீங்களே வெளியிட்டால் பெரிதாகக் கொட்டும் என்று நம்பிச் செலவு செய்ய வேண்டாம். 12 மாதத்தில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை பணம் தருவதில்லை. யூடியூபில் முழு விளம்பரப் பங்குக்கு 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். பென்ஷன் பணத்தில் ஸ்டூடியோ கட்டாதீர்கள்.

பக்திப் பாடல்களை அமெரிக்கத் தமிழர்களும் கேட்பார்கள். யூடியூப் விளம்பரப் பணம் வந்து சேரும் கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கில் அமெரிக்க வரிப் படிவத்தை பான் எண்ணோடு நிரப்பி இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகையைக் கோரினால், அங்கிருந்து வரும் வருமானத்தில் மட்டும் 15% பிடிப்பார்கள். படிவத்தை நிரப்பாமல் விட்டால் மொத்த வருமானத்திலும் 24% வரை போகலாம். பிடித்த வரியை இங்கே கணக்குத் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம். ஆடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.