403 நிமிடமா, 422 நிமிடமா? ‘போரும் அமைதியும்’ டிவிடியும் ப்ளூ-ரேயும்

வாசகர் ஒருவர் கேட்கிறார்: “டால்ஸ்டாயின் நாவலை வைத்துச் செர்கேய் பொந்தார்ச்சூக் இயக்கிய ‘போரும் அமைதியும்’ என்ற ரஷ்யப் படத்தின் பழைய டிவிடி தொகுப்பு என்னிடம் இருக்கிறது. அட்டையில் 403 நிமிடம் என்று போட்டிருக்கிறது. அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்ட ப்ளூ-ரேயில் 422 நிமிடம். என் தொகுப்பில் 19 நிமிடத்தை வெட்டிவிட்டார்களா? ப்ளூ-ரே வாங்கினால் இந்தியாவில் ஓடுமா?”

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: பெரும்பாலும் வெட்டியிருக்க மாட்டார்கள். உங்கள் டிவிடியில் படம் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது, அவ்வளவுதான்.

சினிமா பிலிம் நொடிக்கு 24 பிரேம் ஓடும். ரஷ்யாவிலும் ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் வந்த டிவிடிகள் பெரும்பாலும் ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் தயாரானவை. அதில் நொடிக்கு 25 பிரேம். படத்தை டிவிடிக்கு மாற்றும்போது இந்த ஒரு பிரேம் வித்தியாசத்தைச் சமாளிக்கப் பொதுவாக ஒன்றும் செய்வதில்லை; 24-ஐ 25 ஆகவே ஓட விட்டுவிடுவார்கள். அதனால் ஒரு மணி நேரப் படத்தில் 2 நிமிடம் 24 நொடி குறையும். 422 நிமிடப் படம் இந்த வேகத்தில் ஏறக்குறைய 405 நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி 2 நிமிடத்துக்காகக் காட்சி ஏதோ போய்விட்டது என்று பதற வேண்டாம். படம் நான்கு பாகம். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் முடிவிலும் எழுத்துகள் அரை நிமிடம் கூடக் குறைய இருந்தாலே கணக்கு சரியாகிவிடும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். நான்கு பாகங்களின் நேரத்தையும் தனித்தனியே குறித்து, ப்ளூ-ரேயின் பாக நேரங்களோடு ஒப்பிடுங்கள். வேகம்தான் காரணம் என்றால் குறைவு எல்லாப் பாகங்களிலும் அதனதன் நீளத்துக்கு ஏற்பப் பரவியிருக்கும்: நீளமான முதல் பாகத்தில் 6 நிமிடம் போல, மற்றவற்றில் மூன்று நான்கு நிமிடம் வீதம். ஒரே பாகத்தில் மொத்தமாகப் பத்துப் பதினைந்து நிமிடம் காணவில்லை என்றால்தான் கத்தரி விழுந்திருக்கிறது என்று பொருள்.

காதாலும் கண்டுபிடிக்கலாம். வேகம் 4 சதவீதம் கூடினால் சுருதியும் ஏறும். ஒரு சுரத்தானத்திலிருந்து அடுத்ததற்கு உள்ள தூரத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் ஏறிவிடும். வியாசெஸ்லாவ் ஒவ்சின்னிகோவ் இசையமைத்த அந்த வால்ட்ஸ் நடன இசை, கதாநாயகி நடாஷா தன் முதல் நடன விருந்தில் ஆடுவது, பால் டிவிடியில் சற்றுக் கூர்மையாக ஒலிக்கும். சங்கீதம் பழகிய காது உடனே பிடித்துவிடும். மற்றவர்களுக்கு ‘ஏதோ அவசரமாக இருக்கிறதே’ என்று மட்டும் தோன்றும்.

உண்மையாகவே வெட்டுப்பட்ட பதிப்பு ஒன்று இருந்தது. 1968-ல் அமெரிக்கத் திரையரங்குகளுக்காக ஆங்கிலத்தில் டப் செய்து, ஏறக்குறைய 6 மணி நேரமாகச் சுருக்கினார்கள். எங்காவது பழைய ஆங்கிலப் பிரதி கிடைத்தால் நேரத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சுருக்காத பதிப்பாக இருந்தாலும் இந்தப் படத்தை ஆங்கில டப்பில் பார்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து. பிரபுக் குடும்பத்து மனிதர்கள் ரஷ்ய மொழியிலிருந்து பிரெஞ்சுக்குத் தாவுவதும் திரும்புவதும் டால்ஸ்டாயின் கதைக்குள் இருக்கும் விஷயம். நெப்போலியனோடு போர் நடக்கும்போது அவன் மொழியிலேயே வரவேற்பறையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எல்லோரும் ஒரே ஆங்கிலம் பேசினால் இது மொத்தமும் போய்விடும். ரஷ்ய ஒலி, ஆங்கில சப்டைட்டில், இதுதான் சரி.

சரி, நேரக் கணக்கு முடிந்தது. ப்ளூ-ரே வாங்கலாமா என்ற கேள்விக்கு விடை படத்தின் தரத்தில் இருக்கிறது. இது 70 மி.மீ. பிலிமில் எடுத்த படம். ஒளிப்பதிவாளர் அனத்தோலி பெட்ரிட்ஸ்கி. நெப்போலியன் படையோடு ரஷ்யர்கள் மோதும் போரோதினோ போர்க்களத்தை உயரத்திலிருந்து காட்டும்போது, புகைக்கு நடுவே குதிரைகளும் காலாட்படையும் தொடுவானம் வரை நகர்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு மனிதன், கணினி வேலை எதுவும் கிடையாது. டிவிடியின் பால் படத்தில் மொத்தம் 576 வரிகள். அகலத்திரைப் படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை போக, நல்ல முறையில் பதிந்த டிவிடியில்கூடச் சுமார் 435 வரிதான் மிஞ்சும். ப்ளூ-ரேயில் அதே படத்துக்கு 800 வரிக்கு மேல். டிவிடியில் புகை கட்டம் கட்டமாக உடையும், தூரத்துச் சிப்பாய்கள் ஒரு பழுப்புத் தீற்றலாக மாறிவிடுவார்கள். ப்ளூ-ரேயில் அவர்கள் தனித்தனியாக நடக்கிறார்கள். இந்தப் படத்தைப் பொறுத்தவரை இது சின்ன வித்தியாசம் இல்லை.

படத்தைத் தயாரித்த மாஸ்ஃபிலிம் நிறுவனம் செய்த 2கே (குறுக்கே சுமார் 2,000 புள்ளி) மீட்டுருவாக்கத்தைத்தான் கிரைட்டீரியன் 2019-ல் வெளியிட்டது. 70 மி.மீ. படத்துக்கு 2கே போதாது, 4கே வர வேண்டும் என்பது என் ஆசை. இன்னொரு குறையும் உண்டு. 70 மி.மீ. சட்டகம் 2.20-க்கு 1 என்ற விகிதம், ப்ளூ-ரேயில் இருப்பது 2.35-க்கு 1. அதாவது சட்டகத்தின் வடிவம் மூலத்திலிருந்து சற்று மாறியிருக்கிறது. அப்படியிருந்தும், இன்று வீட்டில் பார்க்கக் கிடைப்பதில் இதையே நான் சிபாரிசு செய்வேன். கூடவே பெட்ரிட்ஸ்கியின் பேட்டியும், படப்பிடிப்பு நடந்த காலத்திலேயே எடுத்த ஆவணப்படங்களும் இருக்கின்றன. நடன விருந்துக் காட்சியில் கேமரா ஆட்களோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போகிறதே, அதற்காக ஒளிப்பதிவுக் குழுவினர் ரோலர் ஸ்கேட் கட்டிக்கொண்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியைத் திரும்பப் பாருங்கள், நடனம் உங்கள் கண்ணுக்கு வேறு மாதிரி தெரியும்.

இந்தியாவில் ஓடுமா என்பதில்தான் கவனம் தேவை. வட்டுகளுக்காக உலகை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள்; சாதாரணப் பிளேயர் தன் மண்டலத்து வட்டை மட்டும் ஓட்டும். அமெரிக்க ப்ளூ-ரே ‘ஏ’ மண்டலக் குறி கொண்டது. இந்தியாவும் இலங்கையும் ‘சி’ மண்டலம். இங்கே வாங்கிய சாதாரணப் பிளேயரில் அந்த வட்டு ஓடாது. எல்லா மண்டலத்தையும் ஏற்கும் பிளேயர் உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவை ‘ஏ’ மண்டலத்திலேயே வருகின்றன. அமெரிக்க டிவிடி வாங்கலாமே என்றால் அதிலும் பூட்டு உண்டு: அது 1-ஆம் மண்டலம், நாம் 5. கணினியின் டிவிடி டிரைவில் மண்டலத்தை மாற்றலாம், ஆனால் ஐந்து முறைதான். ஐந்தாவது மாற்றத்தோடு அது அங்கேயே நின்றுவிடும்.

அதனால் நான் சொல்வது இது. மாஸ்ஃபிலிம் தன் யூடியூப் சேனலில் நான்கு பாகங்களையும் ஆங்கில சப்டைட்டிலோடு இலவசமாகப் போட்டிருக்கிறது. முதலில் மூன்றாம் பாகத்தை, அதாவது ‘1812-ஆம் ஆண்டு’ பாகத்தை, உங்கள் டிவியில் அதில் பாருங்கள். பிறகு அதே போர்க்காட்சியை உங்கள் டிவிடியில் ஓட விடுங்கள். 32 அங்குல டிவியில், எட்டடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பவர் என்றால் டிவிடியே போதும் என்று தோன்றலாம். அப்படித் தோன்றினால் பணத்தை மிச்சப்படுத்துங்கள், தப்பே இல்லை. 50 அங்குலத்துக்கு மேல் என்றால் பத்து நிமிடத்தில் உங்களுக்கே முடிவு தெரிந்துவிடும்.

எதில் பார்த்தாலும் டிவியில் இரண்டு அமைப்புகளை மாற்றிவிடுங்கள். படத்தைத் திரை முழுக்க இழுக்கும் ‘ஜூம்’ வேண்டாம், அது இரு ஓரங்களிலும் நிற்கும் படைகளை வெட்டிவிடும். அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணையுங்கள். அது இயங்கினால் போர்க்களம் தொலைக்காட்சித் தொடர் மாதிரி தெரியும். அப்புறம், ஏழு மணி நேரத்தையும் ஒரே நாளில் பார்க்க நினைக்க வேண்டாம். முதல் பாகம் ஓர் இரவு, இரண்டாம் பாகம் மறுநாள், மூன்றையும் நான்கையும் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை.