ரெக்கார்ட், அரியர், அலாரம்: ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், ஹாஸ்டல். அசைன்மென்ட், ரெக்கார்ட், இன்டர்னல் டெஸ்ட், போன செமஸ்டர் கணக்கு அரியர் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன. செய்ய வேண்டியதை எழுதிவைக்க இரண்டு மூன்று ஆப் மாற்றிப் பார்த்துவிட்டேன். பட்டியல் நீள்கிறதே தவிர வேலை முடிந்தபாடில்லை. பேசாமல் போனையே தூர வைத்துவிடலாமா?

எஸ்.

அன்புள்ள தம்பி,

தூர வைத்தால் வகுப்பில் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் போய்விடும், ஏனென்றால் அறிவிப்பெல்லாம் இப்போது போனில்தான் வருகிறது. வியாழக்கிழமை டெஸ்ட் என்று கிளாஸ் ரெப் இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார், அதன் அடியில் வரிசையாக 'ஓகே' வந்து விழும், காலையில் தேடினால் எங்கே போனதென்றே தெரியாது. பார்த்த கையோடு தேதியைக் காலண்டரில் ஏற்றிவிடுங்கள். போனோடு வரும் காலண்டரே போதும், இனி ஆப் மாற்ற வேண்டாம்.

ஏற்றும்போது கடைசித் தேதியை மட்டும் போடாதீர்கள், தொடங்கும் தேதியையும் போடுங்கள். 1994இல் கனடா ஆய்வாளர்கள் ப்யூலர், கிரிஃபின், ராஸ் மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சராசரியாகச் சொன்னது 34 நாள், ஆனது 55 நாளுக்கு மேல். எல்லாமே சொதப்பினால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்குச் சொன்ன 49 நாளும்கூடப் போதவில்லை! ஆகவே இரண்டு நாளில் முடியும் என்று மனசு சொன்னால் மூன்றரை நாள் முன்பே அலாரம் வையுங்கள்.

அலாரம் அடிக்கும் நேரம் இன்னும் முக்கியம். 'ரெக்கார்ட்' என்று ஒற்றைச் சொல்லில் எழுதி இரவு ஒன்பதுக்கு வைத்தால், கிராஃப் ஷீட் இல்லை, கடை மூடியாயிற்று, அப்சர்வேஷன் நோட்டில் சார் கையெழுத்தும் வாங்கவில்லை என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். 'நாலாவது எக்ஸ்பெரிமென்ட், சைன் வாங்கு' என்று லேப் முடிகிற நேரத்துக்கு ஒன்று, 'கிராஃப் ஷீட் வாங்கு' என்று கேட் தாண்டுகிற நேரத்துக்கு ஒன்று. எங்கே நின்றால் அந்த வேலையைச் செய்ய முடியுமோ அங்கே நிற்கும்போது அது அடிக்க வேண்டும்.

எதை முதலில் செய்வது என்பதைப் போனிடம் விடாதீர்கள், குரூப்பிடமும் விடாதீர்கள். ரெக்கார்டை சார் நாளைக்கே கேட்பார், அரியரை நவம்பர் வரை யாரும் கேட்க மாட்டார்கள், அதனால் அது தள்ளிக்கொண்டே போகும். உங்கள் பட்டியலில் எனக்குப் பதற்றம் தருவது அது ஒன்றுதான். தினமும் காலை ஆறு முதல் ஏழு வரை கணக்கு என்று காலண்டரில் நிரந்தரமாகப் போட்டுவிட்டு, குரூப்பை மியூட்டில் வைத்து, டைமரை ஓடவிட்டு, போனை அலமாரி மேல் வையுங்கள். ஏழு மணிக்கு அதுவே கூப்பிடும். வேறு ஆப் இழுத்தால் ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங் என்று இருக்கும், அதில் ஃபோகஸ் மோட் போட்டால் நீங்கள் குறிக்கும் ஆப்கள் அந்த நேரத்துக்குத் திறக்காது.

சரி, கணக்கில் எந்த யூனிட் இடிக்கிறது என்று நீங்கள் எழுதவில்லையே. பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுத்து உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.