கூரை ஏறப்போகும் பெண்ணின் அம்மாவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

“ப்ளஸ் டூ முடிச்ச பொண்ணு ஐடிஐயில எலக்ட்ரீசியன் படிக்கிறேங்கறா, சோலார் வேலைக்குப் போகப்போறாளாம். ஊருல என்ன பேசுவாங்க?” என்று கண் கலங்கக் கேட்டுவிட்டுப் போனீர்கள். படிப்பு வராதவர்கள் போகிற இடம் ஐடிஐ என்ற பேச்சு திருத்துறைப்பூண்டிப் பக்கம் இன்னும் ஓயவில்லைதான். அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

வேலை இருக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தின் இலக்கே ஒரு கோடி வீடுகளின் கூரையில் சோலார் பேனல். 3 கிலோவாட் போடுகிற வீட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். மாட்டிய பேனல் இருபது, இருபத்தைந்து வருஷம் கூரையில் இருக்கும். அதைப் பார்த்துக்கொள்ள பக்கத்து ஊரில் ஆள் வேண்டும். சூரிய பம்புசெட்டுக்கும் அப்படித்தான். திருப்பூருக்கும் சென்னைக்கும் போகாமல் டெல்டாவிலேயே செய்யக்கூடிய வேலை இது.

ஐடிஐயில் சோலார் டெக்னீசியன் என்றே ஒரு வருஷப் பிரிவு உண்டு. ஆனாலும் இரண்டு வருஷ எலக்ட்ரீசியனைத்தான் நான் சொல்வேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் யாரும் பேனல் மாட்டக் கூப்பிட மாட்டார்கள். அப்போது வீட்டு வயரிங், மோட்டார் வேலை கைகொடுக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. சில வருஷங்களுக்கு முன் ஒரு பையனை, சில நாளிலேயே சோலார் சான்றிதழ் தருவதாகச் சொன்ன தனியார் பயிற்சி மையத்துக்கு நானே அனுப்பினேன். பணம் கட்டினான், சான்றிதழும் வந்தது. ஒருநாள்கூட அவனைக் கூரையில் ஏற்றவில்லை. வேலைக்குப் போன இடத்தில், பேனல் வயர்களை இணைக்கும் கனெக்டரில் வயரை அழுத்திப் பிடிக்கத் தெரியாமல் நின்றான், இரண்டே மாதத்தில் திரும்பி வந்துவிட்டான். விசாரிக்காமல் அனுப்பிய வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

அந்தக் கனெக்டர் விரல் நீளம்தான் இருக்கும். வயர் முனையைச் சீவி, உலோகக் குழலுக்குள் விட்டு, கிரிம்பிங் கருவியால் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். பிடி தளர்ந்தால் அங்கே சூடேறும், பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கும். ஆறு பேனலை வரிசையாகக் கோத்தால் உச்சி வெயிலில் 300 வோல்ட்டை நெருங்கும். வீட்டுக்கு வரும் ஏசி கரண்ட் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால் பொறி கிளம்பினாலும் சீக்கிரம் அணையும். பேனலில் வருவது டிசி, அதாவது பூஜ்யத்தைத் தொடாமல் ஒரே திசையில் ஓடும் கரண்ட். பொறி பிடித்தால் எளிதில் விடாது, மெயினை நிறுத்தினாலும் வெயில் உள்ளவரை பேனலில் வோல்ட்டேஜ் நிற்கும். கரண்டை முறையாகப் படித்த பிறகு அவள் கூரை ஏறட்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்ததை நீங்கள் பார்த்தவர். வேதாரண்யம் பக்கத்தில் பேனல் தாங்கும் சட்டத்தை எப்படிப் பதிக்க வேண்டும், உப்புக்காற்றில் எந்த போல்ட் துருப்பிடிக்கும் என்பதை இந்த மண்ணில் வளர்ந்த பிள்ளைக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அதனால்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நாகப்பட்டினத்திலும் தஞ்சாவூரிலும் அரசு ஐடிஐ இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். முடித்ததும் அப்ரண்டிஸ், பிறகு சோலார் வேலைக்கென்றே உள்ள சூர்யமித்ரா பயிற்சி, அதன்பின் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் ஒயர்மேன் சான்றிதழ். டிப்ளமோ படிக்க ஆசை வந்தால் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு, அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டு. வழி எங்கும் அடைபடாது. ஆரம்பச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எந்த இடத்தில் சேர்த்தாலும் முதலில் ஒர்க்‌ஷாப்பைப் போய்ப் பாருங்கள். பிள்ளைகளே கழற்றி மாட்டுகிற பேனல் இருக்கிறதா, உடம்பு முழுக்க மாட்டும் பாதுகாப்பு பெல்ட் எத்தனை இருக்கிறது என்று கேளுங்கள். பெண் பிள்ளை என்பதற்காக அவளை அலுவலக மேசையிலேயே உட்கார வைத்துவிடுவார்களா என்றும் கேளுங்கள்.

வரும் சனிக்கிழமை மார்க் ஷீட், பள்ளி மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழுடன் அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் அக்கா. அன்றைக்கு அவளையே பேச விடுங்கள்.